லத்தீன் பூசையும் பதினோராம் வகுப்பும்

பள்ளிக்கூடங்கள் வெளியிடும் விழா மலர்களை விடாமல் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. பழைய மாணவர்கள் அவற்றில் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைந்தவை. பிரம்பும் பரிவும் ஒருங்கே கொண்ட கணக்கு ஆசிரியர், வாசலில் நெல்லிக்காய் விற்ற பாட்டி, மழையில் நனைந்த கால்பந்துத் திடல், விடுதியின் உப்பில்லாக் குழம்பு என்று அவை ஓடும். 1960-களில் திருச்சியிலும் திருவரங்கத்திலும் உயர்நிலைப் பள்ளியில் பயின்றோர் இன்று எழுபதைக் கடந்துவிட்டார்கள். சிலர் எண்பதையும் தாண்டிவிட்டார்கள். அவர்கள் எழுதியவற்றை ஆவலோடு படிக்கிறேன். ஆனால் அந்நாள்களில் எந்த மொழியில் செபித்தார்கள், எந்த மொழியில் முழக்கமிட்டார்கள், எந்த மொழியில் தேர்வெழுதித் தேறினார்கள் அல்லது தோற்றார்கள் என்பதை ஏறக்குறைய எவருமே எழுதுவதில்லை. அந்தப் பத்தாண்டின் உயிர்நாடி அங்கேதான் துடித்துக்கொண்டிருந்தது என்பது என் எண்ணம்.

அந்தப் பத்தாண்டு முடிந்த பிறகு பிறந்தவன் நான். ஆகவே இது என் நினைவுக் குறிப்பு அன்று. குருமடத்தில் திருச்சபை வரலாறு பயின்றபோது மனத்தில் தங்கிய சில தேதிகளையும், தமிழக வரலாற்றின் சில தேதிகளையும், பங்குப் பணியில் மூத்தோர் வாயிலாகக் கேட்டவற்றையும் அருகருகே வைத்துப் பார்க்கும் முயற்சி. வசதிக்காக ஒரு சிறுவனைக் கற்பனை செய்துகொள்வோம். 1960 ஜூனில் திருச்சியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்த கத்தோலிக்கச் சிறுவன். இடையில் தோல்வி ஏதுமின்றிப் படித்தால் 1966-இல் பதினோராம் வகுப்பு முடித்து எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழோடு வெளியே வருவான். அந்த ஆறே ஆண்டுகளுக்குள் அவனைச் சூழ்ந்திருந்த மொழிகள் ஒவ்வொன்றின் நிலையும் ஆட்டம் கண்டது.

அன்றைய பள்ளி அமைப்பை இளையோருக்குச் சற்று விளக்கவேண்டும். பதினோரு ஆண்டுப் படிப்பு அது. ஆறாம் வகுப்பைப் பெரியவர்கள் 'முதல் ஃபாரம்' என்றும், பதினோராம் வகுப்பை 'ஆறாம் ஃபாரம்' என்றும் சொல்வார்கள். அதன் முடிவில் அரசுப் பொதுத்தேர்வு. அதில் தேறியவர் கல்லூரியில் ஓராண்டு பி.யூ.சி. படித்து, பிறகு மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்குச் செல்வார். பழைய இண்டர்மீடியட் வகுப்பை நீக்கிவிட்டு 1956-இல் வந்த ஏற்பாடு அது. தேர்வு முடிவுகள் செய்தித்தாளில் எண்களாக அச்சாகும். தாள் வந்து சேரும் வேளையில் தேநீர்க் கடைகளின் முன் கூட்டம் கூடும். தன் எண் அங்கே இல்லையென்று கண்டவன் எத்தனை முறை திரும்பத் திரும்பத் தேடியிருப்பான்!

திருச்சி அந்நாளிலேயே பள்ளிகளால் பெயர்பெற்ற ஊர். நாகப்பட்டினத்தில் 1844-இல் பிறந்து 1883-இல் இங்கு இடம்பெயர்ந்த சேசுசபையாரின் கல்லூரியும், அதைச் சார்ந்து வளர்ந்த பள்ளியும் கோட்டைப் பகுதியில் லூர்து அன்னை ஆலயத்தின் நிழலில் நின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்வார்ட்ஸ் ஐயர் இட்ட வித்திலிருந்து முளைத்தவை சீர்திருத்தத் திருச்சபையாரின் பள்ளிகள். தேசியக் கல்லூரி 1919-இலும், சிலுவைக் கன்னியரின் மகளிர் கல்லூரி 1923-இலும், ஜமால் முகமது கல்லூரி 1951-இலும் எழுந்தன. காவிரியைக் கடந்தால் திருவரங்கம். அது அப்போது தனி நகராட்சி. 1994-இல்தான் திருச்சி மாநகராட்சியோடு இணைந்தது. இன்று வானளாவும் இராஜகோபுரம் அக்காலப் பிள்ளைகளுக்குத் தெரியாது. 1987-இல் முடிக்கப்படும்வரை அது மொட்டையாகவே நின்றது. அத்தெருக்களில் வளர்ந்த இரண்டு ரங்கராஜன்கள் பின்னாளில் வாலி என்றும் சுஜாதா என்றும் தமிழுலகில் பெயர் பெற்றார்கள். சுஜாதா ஆற்றைக் கடந்து வந்து சேசுசபையாரின் கல்லூரியிலும் பயின்றவர். ஆனால் அவர்கள் இருவரும் நம் சிறுவனுக்கு ஒரு தலைமுறை மூத்தவர்கள்.

நம் சிறுவனோ மலையடிப்பட்டி, ஆவூர், வடுகர்பேட்டை, புறத்தாக்குடி போன்ற ஏதோவொரு பழைய பங்கிலிருந்து தகரப் பெட்டியோடு விடுதிக்கு வந்தவனாக இருக்கக்கூடும். அல்லது பாலக்கரையிலோ பொன்மலையிலோ தொழிலாளி ஒருவரின் மகன். குடும்பத்தில் உயர்நிலைப் பள்ளியை எட்டிய முதல் ஆள். காமராசர் ஆட்சியில் 1956-இல் வந்த மதிய உணவுத் திட்டம் அவனைத் தொடக்கப் பள்ளியில் பிடித்து நிறுத்தியது. பிறகு மெல்ல மெல்லத் தளர்ந்த கட்டணச் சுமை அவனை மேலே ஏற்றியது. இதைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது, நான் விரிக்கவில்லை.

அவன் காலையில் எழுந்தால் முதலில் சந்திப்பது லத்தீனை. விடுதிச் சிறுவர்கள் திருப்பலியில், அன்றைய சொல்லில் பூசையில், முறைபோட்டுப் பீடத்துக்கு உதவிசெய்வார்கள். குருவானவர் மக்களுக்கு முதுகுகாட்டிப் பீடத்தை நோக்கி நின்று லத்தீனில் செபிப்பார். மக்களின் சார்பாகப் பதிலுரைக்கவேண்டியவன் பத்து, பன்னிரண்டு வயதுப் பையன். அந்த நீண்ட பதிலுரைகளைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்து, பொருள் தெரியாமலே நெட்டுருப் போட்டுவிடுவான். பின்னால் முழந்தாளிட்டிருக்கும் மக்கள் அதே நேரத்தில் தமிழில் செபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்கள்.

பூசை முடிந்து வகுப்புக்குப் போனால் பாடங்கள் தமிழில். உயர்நிலை வகுப்புகளில் தாய்மொழிவழிக் கற்பித்தல் 1930-களின் இறுதியிலிருந்தே சென்னை மாகாணத்தில் வேரூன்றத் தொடங்கிவிட்டது. ஆங்கிலவழிப் பிரிவுகளும் பெரிய பள்ளிகளில் இருந்தன. கிராமத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் தமிழ்வழிப் பிரிவில்தான் அமர்ந்தார்கள். ஆங்கிலம் ஒரு பாடம். ஆனால் மற்றப் பாடங்களையெல்லாம் ஆட்டிவைத்த பாடம். மூன்றாவதாக இந்தி. அது கால அட்டவணையில் இருந்தது, ஆனால் அதில் கிடைக்கும் மதிப்பெண் தேர்ச்சியைத் தடுத்ததில்லை. எனவே இந்தி வகுப்பு பல பள்ளிகளில் இளைப்பாறும் நேரமாகிப் போனது என்று மூத்தோர் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். தட்சிண பாரத இந்தி பிரசார சபை நடத்திய தேர்வுகளைத் தனியே எழுதி, அடுக்கடுக்காகச் சான்றிதழ் வாங்கியவர்களும் உண்டு. திருவரங்கத்து வீதிகளில் அத்தகையோர் மிகுதி.

ஆக ஒரே சிறுவனுக்கு நான்கு மொழிகள். பீடத்தில் ஒன்று, தேர்வில் ஒன்று, அட்டவணையில் ஒன்று, நாவில் ஒன்று. நாவில் இருந்ததுதான் அவனுடையது.

பொன்மலைப் பணிமனையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னதை இவ்விடத்தில் குறிப்பிட்டாக வேண்டும். "சாமி, லத்தீன்ல ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. ஆனா ஒரு பதிலும் தப்பாது. பதினோராம் வகுப்பு இங்கிலீஷையும் அப்படியேதான் மனப்பாடம் பண்ணேன். கோயில்ல யாரும் என்னை ஃபெயில் ஆக்கல, அவ்வளவுதான் வித்தியாசம்!" அவர் வேடிக்கையாகச் சொன்னார். நான் சிரித்துவிட்டேன், பிறகு பல நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதனால் லத்தீன் காலத்தில் திருச்சபைக்குத் தமிழே தெரியாது என்று எவரும் எண்ணிவிடலாகாது. தெ நோபிலியும் வீரமாமுனிவரும் தமிழில் எழுதாத துறை குறைவு. இந்தத் திருச்சிச் சீமையை ஒட்டித்தான் வீரமாமுனிவர் வாழ்ந்தார். அவர் சூசையப்பருக்கு 'வளன்' என்று தமிழ்ப் பெயரிட்டுத் தேம்பாவணி பாடினார். ஆயினும் எந்த மறைபோதகரின் தமிழும் பூசை மந்திரங்களுக்குள் நுழையவில்லை. பீடத்துக்குக் கீழே தமிழ், பீடத்தில் லத்தீன் என்ற எல்லைக்கோடு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அப்படியே நீடித்தது. கீழே நின்ற அந்தத் தமிழைக் காத்தவர்கள் பெரும்பாலும் நம் தாய்மார்களே. பீடத்தில் உதவிசெய்யும் வாய்ப்புச் சிறுமியருக்கு அன்று கிடையாது. உரோமை அதற்கு வெளிப்படையாக வழிவிட்டது 1994-இல்தான். எனவே பெண்பிள்ளைகள் லத்தீனை மனப்பாடம் செய்யவில்லை. அவர்களுக்கு வாய்த்தவை வீட்டுச் செபமாலையும், மாதா பாடல்களும், தபசு காலத்தில் வாசிக்கப்படும் வியாகுலப் பிரசங்கமும். ஈழத்தில் வாழ்ந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆக்கிய அந்நூல், எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டிகளுக்கும் காதுவழியே பாடமாகியிருந்தது.

ஆற்றுக்கு அக்கரையில் வேறொரு காட்சி. திருவரங்கத்துக் கோயிலில் வடமொழி வேதத்தோடு ஆழ்வார்களின் தமிழும் பெருமாள் திருமுன் ஓதப்பட்டு வருகிறது. மார்கழித் திருவிழாவில் பகல்பத்து, இராப்பத்து நாள்களில் அரையர்கள் தமிழை இசையோடும் அபிநயத்தோடும் சேவிப்பார்கள். நாதமுனிகள் காலத்திலிருந்து வரும் மரபு என்பது வைணவர் கொள்கை. ஒரே மார்கழி விடியலில் அக்கரைச் சிறுவன் கருவறையின் முன் தமிழைக் கேட்டான். இக்கரைச் சிறுவன் பீடத்தின் முன் லத்தீன் சொன்னான். பிறகு இருவரும் ஏதோவொரு வகுப்பறையில் ஒரே பலகையில் அமர்ந்து, ஆங்கில வினைச்சொற்களின் முக்காலத்தையும் ஒப்பித்திருக்கவும் கூடும்.

மாற்றம் எப்போது தொடங்கியது? முன்னறிகுறிகளைப் பார்த்தால் லத்தீனின் ஆட்சி இன்னும் வலுக்கும் என்றே எவரும் கருதியிருப்பர். பொதுச்சங்கத்தைக் கூட்டிய அதே திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான், சங்கம் தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1962 பிப்ரவரி 22-ஆம் நாள், குருமடங்களில் உயர்பாடங்கள் லத்தீனிலேயே நடைபெறவேண்டும் என்று வலியுறுத்தும் ஆவணமொன்றில் கையெழுத்திட்டார். அவ்வாண்டு அக்டோபரில் சங்கம் கூடிற்று. மறு ஆண்டு டிசம்பர் 4-இல் திருவழிபாடு பற்றிய சாசனம் வெளிவந்தது. மக்கள் மொழிக்குக் கதவு திறந்தது. ஓர் ஆணை இரண்டாண்டுக்குள் இப்படிப் பொருளிழந்து போனதற்கு நம் காலத் திருச்சபை வரலாற்றில் வேறு எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது.

இதே வேளையில் திருச்சியின் வீதிகளில் மற்றொரு மொழிக் கதை நடந்துகொண்டிருந்தது. அதற்கும் இந்நகரில் ஆழமான வேர் உண்டு. இராஜாஜி அமைச்சரவை 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது, அதை எதிர்த்துச் சென்னைக்கு நடந்த தமிழர் பெரும்படை அவ்வாண்டு ஆகஸ்டு 1-ஆம் நாள் புறப்பட்டது திருச்சியிலிருந்துதான். முத்தமிழ்க் காவலர் கி.ஆ.பெ. விசுவநாதம் இவ்வூரார்; அப்போராட்டத்தின் தூண்களில் ஒருவர். 1940 பிப்ரவரியில் அந்த ஆணை நீக்கப்பட்டது. ஆனால் அரசியலமைப்பு குறித்த பதினைந்து ஆண்டுக் கெடு 1965 ஜனவரி 26-இல் முடியவிருந்தது. அன்றுமுதல் இந்தி மட்டுமே ஆட்சிமொழியாகிவிடும் என்ற அச்சம், 1963-இல் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றப்பட்ட பின்னரும் தணியவில்லை.

1964 ஜனவரி 25-ஆம் நாள் அதிகாலையில், கீழப்பழுவூரைச் சேர்ந்த சின்னசாமி என்ற இளைஞர் திருச்சி ரயில் நிலையத்தின் முன் தம்மேல் தீயிட்டுக்கொண்டு, தமிழ் வாழ்க என்று முழங்கியபடியே இறந்தார். இளம் மனைவியையும் சிறு குழந்தையையும் விட்டுச் சென்றார். மேலப்புதூர்ப் பேராலயத்திலிருந்து அவ்விடம் நடந்துபோகும் தொலைவே. தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொள்வதைத் திருச்சபை ஏற்பதில்லை. நானும் அதைப் புகழமாட்டேன். ஓர் இளம் விதவையை நினைக்கும்போது புகழ நா எழவில்லை. ஆனால் தாய்மொழி என்பது ஓர் ஏழை மனிதருக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதை அந்தத் தீ ஊருக்கெல்லாம் காட்டிவிட்டது. நம் சிறுவன் அப்போது ஒன்பதாம் வகுப்பில் இருந்தான்.

வியப்பு என்னவென்றால், அதே ஜனவரித் திங்களில் புதுதில்லியில் கீழ்த்திசை அறிஞர்களின் உலக மாநாடு நடந்தது. அங்கேதான் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியது. அதற்கு முதல் முயற்சியெடுத்தவர் சேவியர் தனிநாயகம் அடிகள், ஒரு கத்தோலிக்கக் குரு! ஏழை இளைஞர் ஒருவர் ரயில் நிலையத்தில் எரிந்த மாதத்திலேயே குருவானவர் ஒருவர் அறிஞர் அவையில் தமிழுக்கு உலக அரங்கம் அமைத்தார். இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. காலம் சில வேளைகளில் இப்படித் தாளங்களைச் சேர்த்துக் கொட்டுகிறது.

1965 ஜனவரி 25-இல் மதுரையில் மாணவர் ஊர்வலத்தில் கலவரம் மூண்டு மாநிலமெங்கும் பரவியது. பள்ளிகளும் கல்லூரிகளும் மூடப்பட்டன. விடுதிப் பிள்ளைகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். துப்பாக்கிச் சூட்டிலும் கலவரத்திலும் மாண்டவர் ஏறக்குறைய எழுபது பேர் என்பது அரசின் கணக்கு. உண்மையில் அதனினும் மிகுதி என்போர் பலர். தீக்குளித்தும் நஞ்சருந்தியும் உயிர்விட்டவர்களுள் கீரனூர் முத்துவும் விராலிமலை சண்முகமும் உண்டு. அவ்விரண்டு ஊர்களும் அன்று திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்தவை. புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974-இல். பிப்ரவரி 11-ஆம் நாள் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரி, ஆங்கிலம் தொடரும் என்று வானொலியில் உறுதி கூறினார். அதன் பின்னரே கொந்தளிப்பு படிப்படியாக அடங்கிற்று.

மூன்றரை வாரம் கழித்து, 1965 மார்ச் 7, தபசு காலத்தின் முதல் ஞாயிறு. திருவழிபாட்டுச் சாசனத்தைச் செயற்படுத்தும் புதிய விதிமுறைகள் உலகத் திருச்சபையில் நடைமுறைக்கு வந்த நாள் அது. திருத்தந்தை ஆறாம் பவுல் உரோமைப் பங்கொன்றில் இத்தாலிய மொழியில் திருப்பலி நிறைவேற்றினார். மக்கள்மொழி ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு வேகத்தில் பீடமேறியது. திருப்பலியின் முழு வடிவமும் புதுப்பிக்கப்பட்டது 1969-இல். தமிழ்நாட்டுப் பங்குகளிலும் சில பகுதிகள் முன்னும் சில பின்னுமாகத் தமிழாயின. வீதியில் எழுந்த முழக்கத்தால்தான் கோயிலில் தமிழ் வந்தது என்று சிலர் மேடையில் பேசக் கேட்டிருக்கிறேன். அது தவறு. ஒன்றின் வித்து ஐரோப்பாவில் அரை நூற்றாண்டாக வளர்ந்த திருவழிபாட்டு மறுமலர்ச்சி. மற்றொன்றின் வித்து இந்நாட்டு அரசியல். ஆனால் அனுபவிக்கும் சிறுவனுக்கு இரண்டும் ஒரே பருவத்து மழைதான். பிப்ரவரியில் தெருவில் தமிழுக்காகக் கத்தியவன், பின்வந்த மாதங்களில் குருவானவர் தன்னை நோக்கித் திரும்பித் தன் மொழியில் பேசக் கேட்டான்.

எல்லாரும் மகிழ்ந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. லத்தீன் போனதும் பூசையின் மறைபொருளே போய்விட்டதாக வருந்திய முதியோர் பலர். பீடச் சிறுவனுக்கோ வேறொரு இழப்பு: அதுவரை அவன் மட்டும் அறிந்திருந்த பதிலைச் சபை முழுவதும் சொல்லத் தொடங்கிவிட்டது! மேலும், வந்து சேர்ந்த தமிழ் பாட்டி செபித்த தமிழும் அன்று. சர்வேசுரன் இறைவனானார், சேசு இயேசுவானார், இஸ்பிரீத்துசாந்து பரிசுத்த ஆவியாகிப் பிறகு தூய ஆவியானார். ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று, பாவசங்கீர்த்தனம் ஒப்புரவு அருட்சாதனமாயிற்று, அர்ச்சியசிஷ்டவர்கள் புனிதர்களானார்கள். சூசையப்பர் கல்லூரி வளனார் கல்லூரியானது. வீரமாமுனிவர் இட்ட பெயர் இரு நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்து வாசற்பலகைக்கு வந்தது. இந்தச் சொல்மாற்றங்கள் ஒரே நாளில் நிகழவில்லை. 1995-இல் பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியம் வெளிவந்தது வரை நீண்டன. மொத்தத்தில் நல்ல மாற்றம் என்பதே என் கருத்து. ஆயினும் படுக்கையில் கிடக்கும் மூதாட்டிக்கு நோயில்பூசுதல் கொடுக்கப் போகும்போது, அவர் வாய் முணுமுணுக்கும் பழைய செபத்தை நான் திருத்துவதில்லை. கூடச் சேர்ந்து சொல்கிறேன்.

நம் சிறுவன் பள்ளியை விட்டு வெளியேறிய மறு ஆண்டு ஆட்சி மாறியது. 1968 ஜனவரி 23-இல் அண்ணா அரசு சட்டமன்றத்தில் இருமொழித் தீர்மானத்தை நிறைவேற்றியது; பள்ளிக் கால அட்டவணையிலிருந்து இந்தி நீங்கியது. தேசிய மாணவர் படையில் அணிவகுப்புக் கட்டளைகள் இந்தியில் ஒலிப்பதற்கும் அத்தீர்மானம் மறுப்புத் தெரிவித்தது. மறு ஆண்டு பொங்கலன்று சென்னை மாநிலம் தமிழ்நாடு என்ற பெயர் பூண்டது.

ஆகவே பத்தாண்டின் முடிவில் நான்கு மொழிகளில் லத்தீன் இறங்கிவிட்டது, இந்தி வெளியேறிவிட்டது, தமிழ் பீடம் ஏறிவிட்டது, அரசும் ஏறிவிட்டது. எஞ்சி நின்றது ஆங்கிலம். அதன் இடம் முன்னினும் உறுதியாயிற்று. வீதியில் உயிர்கொடுத்துப் பெற்ற வாக்குறுதியின் வாசகமே 'ஆங்கிலம் தொடரும்' என்பதல்லவா? அதில் நியாயமும் இருந்தது. வேலைவாய்ப்பில் தமிழர் ஒதுக்கப்படாமல் இருக்க அது வேண்டியிருந்தது. ஆனால் அந்த வாக்குறுதி யாரைக் காத்தது, யாரைக் காக்கவில்லை என்று பள்ளிக்கூடத்துப் பலகையில் அமர்ந்து பார்த்தால் கணக்கு வேறாகத் தெரிகிறது.

பதினோராம் வகுப்புவரை வரலாற்றையும் அறிவியலையும் தமிழில் படித்துத் தேறிய பையன், ஜூலையில் பி.யூ.சி. வகுப்பில் நுழைந்தால் அத்தனையும் ஆங்கிலம். நேற்றுவரை 'முக்கோணம்' என்று சொன்னதை இன்று வேறு பெயரில் குறிப்பெடுக்கவேண்டும். ஓராண்டுதான் அவகாசம். பலர் அந்த ஓராண்டில்தான் ஒடிந்தார்கள். அதற்கு முன்பே, எஸ்.எஸ்.எல்.சி.யில் ஆங்கிலத்தில் மட்டும் கோட்டைவிட்டு டுடோரியல் கல்லூரிகளின் வாசலில் நின்றவர்கள் அதனினும் பலர். கல்லூரியில் தமிழ்வழியைக் கொண்டுவரும் முயற்சி 1960-இல் கோவை அரசு கலைக்கல்லூரியில் பி.ஏ. வகுப்பில் தொடங்கத்தான் செய்தது. நாட்டின் மனம் அதன்பின் போகவில்லை. திருவெறும்பூரில் கொதிகலன் தொழிற்சாலை எழுந்த ஆண்டுகளும் அவையே. வாசலில் வேலை காத்திருந்தது. அதற்கான படிவமோ ஆங்கிலத்தில் இருந்தது. விழா மலர்களில் எழுதுவோர் அந்த வாசலைத் தாண்டியவர்கள். தாண்டாதவர்களின் கட்டுரை எந்த மலரிலும் இல்லை. அவர்களை நான் கல்லறைத் திருநாளன்றும் அன்பியக் கூட்டங்களிலும்தான் சந்திக்கிறேன்.

இதிலே திருச்சபையாகிய நம் பங்கையும் பேசாமல் விடுவது நேர்மையாகாது. பீடத்தில் தமிழை ஏற்றிய அதே தலைமுறையில்தான், மெட்ரிகுலேஷன் பள்ளிகள் என்ற பெயரில் ஆங்கிலவழிக் கல்வி ஊரூராய்ப் பரவத் தொடங்கியது. அதில் நம் சபைகளும் மறைமாவட்டங்களும் முன்னணியில் நின்றன. பெற்றோர் கேட்டார்கள், நாம் கொடுத்தோம் என்பது உண்மையே. பி.யூ.சி.யில் தடுக்கி விழுந்த தந்தை தன் மகன் விழக்கூடாதென்று நினைத்ததில் என்ன பிழை? ஆனால் விளைவைக் கண்ணால் காண்கிறோம். திருப்பலியில் தமிழ் வாசகத்தை வாசிக்க அழைத்தால் தயங்கிப் பின்வாங்கும் பிள்ளைகள் இன்று எங்கள் பங்கிலேயே உண்டு. சிலர் அதை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்து வாசிக்கிறார்கள். அன்றைய பீடச் சிறுவன் லத்தீனைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டதைப் போலவே!

பதினோராம் வகுப்பு என்ற அந்தப் பழைய வாசல் 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தபோது மூடப்பட்டது. பி.யூ.சி.யும் அதனோடு மறைந்தது. கல்லூரியில் செய்த அந்த ஓராண்டு வேலையைப் பள்ளிக்கூடமே இரண்டாண்டாக எடுத்துக்கொண்டது. தமிழ்வழியில் படித்தவர் அதே மொழியில் பன்னிரண்டாம் வகுப்புவரை செல்ல வழி கிடைத்தது. திருச்சியிலும் திருவரங்கத்திலும் உயர்நிலைப் பள்ளிகள் பல, பெயர்ப்பலகையில் 'மேல்' என்ற சொல்லைச் சேர்த்து எழுதிக்கொண்டன. நம் சிறுவனுக்கு அப்போது முப்பதை நெருங்கும் வயது. அவன் மூத்த பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்திருக்கும்.